இஞ்சி பிஸ்கட் வளைந்த வீடு

அத்தியாயம் 4

பிராக்கன்ஷா வரலாற்றுக் கழகக் கூட்டத்தில் உறுப்பினர்கள் தூங்குகிறார்கள் என்று துப்பறிவாளரிடம் புகார் கொடுத்த முதல் மனிதர் கழகத் தலைவர் கத்பர்ட் ரிம்மிங்டன்தான். மற்ற ஊர்க் கழகங்களில் இதைப் புகார் என்று சொல்வதில்லை. கூட்டம் என்று சொல்கிறார்கள்.

"தூக்கம் என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள்," என்றார் அவர், வாசல் கதவைப் பாதி திறந்தபடி. வட இங்கிலாந்தில், லங்காஷயரின் ஜனவரி மழை குறுக்காகப் பெய்துகொண்டிருந்தது. "இது மயக்கம். என் வீட்டில், என் தேநீரில், மருந்து கலக்கப்படுகிறது."

"முதல்ல உள்ளே விடுங்க சார். மயங்கறதா இருந்தாலும் நனையாம மயங்கறோம்," என்றான் நவீத்.

நவீத் துப்பறிவாளர் ஹெஸ்டர் ஆர்மராடின் உதவியாளன். வேனை ஓட்டுவது, கேமராவைத் தூக்குவது, யாரும் கேட்காத கருத்தைச் சொல்வது ஆகியவை அவன் பணிகள். நாற்பதைத் தொட்டுவிட்டான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, ஆனாலும் வாய் மட்டும் பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சிலேயே தங்கிவிட்டது. ஹெஸ்டர் அகலமான பெண்மணி. செத்துப்போன கணவரின் மழைக்கோட்டைத்தான் எப்போதும் போட்டுக்கொள்வார். பல வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். 'என் வீடு தானாகவே எரிந்துவிட்டது' என்று எழுதுகிறவர்களின் வீட்டுக்குப் போய் முகர்ந்து பார்ப்பதுதான் அங்கே அவர் வேலை. இப்போது சொந்தமாக முகர்கிறார்.

நடையில் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்றின்மேல் ஒரு குடை.

"யாராச்சும் ஊருக்குப் போறாங்களா?" என்றார் ஹெஸ்டர்.

"என் மறைந்த மனைவியின் தங்கை, டோரீன். இந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவள். தேநீர் போடுபவளும் அவள்தான். இன்று கூட்டத்தின் முடிவில் நீங்கள் அவள் குற்றத்தை நிரூபிக்கிறீர்கள், நான் அதை அறிவிக்கிறேன், அவள் வெளியேறுகிறாள். இதுதான் நிகழ்ச்சி நிரல்."

"நிரூபிக்க முடியலைன்னா?"

கத்பர்ட் யோசித்தார். "அப்போதும் வெளியேறுகிறாள். ஆனால் நான் வருத்தம் தெரிவிப்பேன்."

"எங்க போவாங்க?"

"அது நிகழ்ச்சி நிரலில் இல்லை."

---

கூட்டம் நடக்கும் முன்னறைக்குள் நுழைந்ததும் நவீத்தின் கண்ணாடியில் ஆவி படிந்தது. கழற்றித் துடைத்தான். மறுபடி படிந்தது. சன்னல்கள் உள்பக்கமாக அழுதுகொண்டிருந்தன. சுவர்க் காகிதம் மூலையில் பழைய சட்டைக் காலர் போலச் சுருண்டிருந்தது. அறையில் சூடு மட்டும் தாராளமாக இருந்தது.

"இதோ," என்றார் கத்பர்ட், குழந்தையை அறிமுகப்படுத்துகிற குரலில்.

சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வெள்ளைக் கூழாங்கற்களின்மேல் நீலமும் மஞ்சளுமாகத் தீ ஆடியது.

"புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பு. பழைய கணப்புகளில் பாதிக்கு மேல் வெப்பம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. வானத்தை நான் ஏன் சூடாக்க வேண்டும்? வானம் எனக்கு என்ன செய்திருக்கிறது? இதில் நூற்றுக்கு நூறு. எரிகிற கேஸ் அத்தனையும் வெப்பமாக மாறி, அறைக்குள்ளேயே தங்குகிறது. எதுவும் வெளியே போவதில்லை."

"எதுவுமே போறதில்லையா?" என்றார் ஹெஸ்டர்.

"எதுவுமே!"

"எரிஞ்சா சூடு மட்டுமா வரும்?"

"புகை வராது. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது, விஷத்தை அது தின்றுவிடுகிறது. விளம்பரச் சிற்றேட்டில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள்." சிற்றேட்டில் அம்புக்குறி இருந்தால் கத்பர்ட் எதையும் நம்புவார். "என் கவலை வேறு. கூட்டம் நடக்கும்போதெல்லாம், நான் உச்சகட்டத்தை நெருங்குகிற வேளையில், எவரோ இதை அணைத்துவிடுகிறார்கள். அதனால் பாருங்கள்..."

கணப்பின் அடியில் இருந்த குமிழைக் காட்டினார். குமிழுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கட்டிச் சிவப்பு அரக்கு. அதன்மேல் ரிம்மிங்டன் குடும்பச் சின்னம். அந்தச் சின்னம் முத்திரை மோதிரத்தோடு சேர்த்துத் தபாலில் வரவழைக்கப்பட்டது.

"குமிழைத் திருப்பினால் அரக்கு உடையும். திருடன் அகப்படுவான்."

"உடைஞ்சுதா?"

"இல்லை. அரக்கு அப்படியே இருந்தது. கணப்பு அணைந்திருந்தது." அவர் குரல் தாழ்ந்தது. "ஒவ்வொரு முறையும்."

"பேயா இருந்தாக்கூட அரக்கை உடைச்சுத்தான் சார் ஆகணும்," என்றான் நவீத். "அப்புறம் என்ன பண்ணினீங்க?"

"நானே அரக்கை உடைத்து, கணப்பைப் பற்றவைத்து, மீண்டும் முத்திரை வைத்தேன். எதிரிக்கு நான் சளைத்தவன் அல்ல."

ஹெஸ்டர் குனிந்து அரக்கைப் பார்த்தார். கணப்புக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் தூசி இல்லாத ஒரு வட்டத்தை விரலால் சுற்றினார். "இங்க என்ன இருந்துச்சு?"

"விஷ வாயு எச்சரிக்கைக் கருவி. நான் உரையாற்றும்போது கீச்சுக் கீச்சென்று குறுக்கிட்டது. இழுப்பறையில் போட்டுவிட்டேன்."

நவீத் இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்து அழுத்திப் பார்த்தான். "பாட்டரி செத்துப் போச்சு மேடம். அதுக்குத்தான் கத்தியிருக்கு பாவம்."

"நம்ம வேன்ல ஒண்ணு இருக்குல்ல? கொண்டா."

அவன் போன நேரத்தில் ஹெஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு பொருளைத்தான் அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. உரையாற்றும் மேசைக்குப் பின்னால், ஆள் உயரத்தில், கனத்த பொன்முலாம் சட்டத்துக்குள் கத்பர்ட் ரிம்மிங்டனின் எண்ணெய் வண்ணப் படம். வரைந்தவர் ஊர் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அதனால் கத்பர்ட்டின் முகம் 'சிவப்புச் சிங்கம்' கடையின் சிங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல வந்திருந்தது.

"முன்பு கணப்புக்கு மேலே இருந்தது," என்றார் கத்பர்ட். "சூட்டில் மூக்கு உப்பிவிட்டது. போன குளிர்காலத்தில் இந்தச் சுவருக்கு மாற்றினேன். இந்த இடம் படத்துக்கு எப்படி?"

"சுவரே தெரியல," என்றார் ஹெஸ்டர். அது பாராட்டு என்று கத்பர்ட் எடுத்துக்கொண்டார்.

---

அடுப்படி வேறு நாடு. பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. குளிர்ந்த காற்றும் மழை வாசனையும் உள்ளே வந்தன. அறுபது வயது டோரீன் ஊருக்குப் புறப்படுகிற கோட்டைப் போட்டுக்கொண்டே கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க கண்ணு. துப்பறியறவங்களுக்கும் டீ உண்டுல்ல? இல்ல, மருந்து இருக்குமோன்னு பயமா இருக்கா?"

"இருக்கா?" என்றார் ஹெஸ்டர்.

"கலக்கறதா இருந்தா எல்லாருக்கும் ஏன் கலக்கறேன்? அவர் ஒருத்தர் கோப்பையில போட்டிருப்பேன். ஊரே வந்து கை குலுக்கியிருக்கும்."

நவீத் தகர டப்பாவிலிருந்து ஓர் இஞ்சி பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான். வெடிச் சத்தம் கேட்டது. தாடையைப் பிடித்துக்கொண்டான். "இதை வெச்சு வீடு கட்டலாம்."

"நல்ல இஞ்சி பிஸ்கட் அப்படித்தான் இருக்கணும். டீயில முக்கினா மட்டும்தான் இறங்கி வரும்."

ஹெஸ்டர் கோட்டுப் பையிலிருந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். முன்னறைத் தட்டிலிருந்து கிளப்பியது. ஓரத்தைப் பிடித்து நீட்டினார். அது யோசித்துவிட்டு, மெல்லத் தலை குனிந்தது.

"இது வேற பாக்கெட்டா?"

"அதே பாக்கெட்தான் கண்ணு. காலையில உடைச்சது. அந்த ரூம்ல வெச்சா எல்லாமே அப்படித்தான் துவண்டுடுது. சன்னலைத் தொடைச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி தண்ணி ஓடும். சொன்னா, 'சமையல்காரிக்கு விஞ்ஞானம் எதுக்கு'ன்னாரு." டோரீன் தேநீர்க் கெண்டியை ஒரு துண்டால் சுற்றினார். "இதுக்கு ஒரு கம்பளிக் குல்லா பின்னி வெச்சிருந்தேன், டீ ஆறாம இருக்க. ஆரஞ்சும் ஊதாவும். போன குளிர்காலத்துலேர்ந்து காணோம். அதையும் நான்தான் ஒளிச்சேன்னு குற்றப்பத்திரிகையில சேத்திருக்காரு."

"கூட்டத்துல எல்லாருமே தூங்கறாங்களா?"

"நார்மன் ஷட்டில்வொர்த் மட்டும் தூங்கமாட்டாரு," என்றார் டோரீன், கெண்டியைப் பார்த்துக்கொண்டே. "அவருக்கு டீ ரொம்பப் பிடிக்கும். கெண்டியில பாதி அவருக்குத்தான் போவுது."

அடுப்புக்கு அருகில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் டோரீனின் பின்னல் பை. மற்றதில் தட்டித் தட்டி மெத்தென்று ஆக்கிய ஒரு மெத்தை. ஹெஸ்டர் அதில் உட்காரப் போனார்.

"அது பூனைக்கு!" என்றார் டோரீன் அவசரமாக.

"பூனை எங்க?" என்றான் நவீத்.

"வெளிய போயிருக்கு."

ஹெஸ்டர் நின்றபடியே டீயைக் குடித்தார். "இங்கேருந்து எங்க போறீங்க?"

"பிளாக்பூல்ல ஒரு விடுதி. குளிர்காலத்துல கடலைப் பாக்க யாரும் வரமாட்டாங்க, அதனால இடம் குடுப்பாங்க." கெட்டில் விசிலடித்தது. டோரீன் அதை அணைக்க மறந்து நின்றார். "அக்கா போனதுலேர்ந்து இந்த அடுப்படிதான் கண்ணு எனக்கு. இது என் வீடு இல்லைங்கறதே மறந்து போச்சு."

நவீத் எழுந்து போய் கெட்டிலை அணைத்தான். 

---

உறுப்பினர்கள் வந்தார்கள். கோட்டுகளைக் கழற்றினார்கள். "நல்ல கதகதப்பு" என்று ஒவ்வொருவரும் தவறாமல் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது. அதன் அடியில், இடுக்கில் காற்று நுழையாமல் தடுக்கும் துணிப் பாம்பு ஒன்றைத் தன் காலாலேயே நெருக்கி வைத்தார் கத்பர்ட். சுவரில் தீ ஆடியது.

முதல் நாற்காலியில் மாவிஸ் டக்வொர்த் அம்மாள். கறுப்புத் திராட்சைச் சாற்றைச் சுடவைத்துத் தன் குடுவையிலேயே கொண்டு வருவார். அடுத்தவர் வீட்டுத் தேநீரை அவர் தொடுவதில்லை. கதவோரம் நார்மன் ஷட்டில்வொர்த். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், காது வரை வெட்கம் உள்ள மனிதர். மற்றவர்கள் மற்றவர்களாகவே இருந்தார்கள்.

டோரீன் டீ கொடுத்துவிட்டுப் போனார். கத்பர்ட் எழுந்தார்.

"பிராக்கன்ஷாவின் நடைபாதைக் கற்கள். தொகுதி நான்கு. தெருவின் கிழக்குப் பக்கம்."

"மேற்குப் பக்கம் முடிஞ்சுதா?" என்று நவீத் பக்கத்தில் கிசுகிசுத்தான்.

"மூணு தொகுதி," என்றார் மாவிஸ் அம்மாள், உணர்ச்சியில்லாமல்.

கிழக்குப் பக்கத்தின் முதல் கல் சாம்பல் நிறமானது. இரண்டாவதும் சாம்பல் நிறமானது, ஆனால் சற்றே. நார்மன் தன் கோப்பையைக் காலி செய்து, "கழிப்பறைக்கு" என்று முணுமுணுத்து, கோப்பையோடு வெளியே போனார். வந்தார். மறுபடி குடித்தார். மறுபடி போனார். மூன்றாம் கல்லுக்குள் மாவிஸ் அம்மாளின் தலை சாய்ந்தது. நான்காம் கல்லில் பின்வரிசை முழுவதும் சரிந்தது. சன்னல் கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கியது.

"மேடம்," என்றான் நவீத், கண் செருக. "நான் டீயே குடிக்கல. சத்தியமா. ஆனா நெத்தியில யாரோ உக்காந்திருக்காங்க."

ஹெஸ்டர் தன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே அவருடைய எச்சரிக்கைக் கருவி, அது கத்தவில்லை. அவருடைய இன்னொரு கை ஆரம்பத்திலிருந்தே சன்னல் கொக்கியின் மேல் இருந்தது.

க்ளிக்.

தீ ஒருமுறை தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு அணைந்தது.

"பார்த்தீர்களா!" கத்பர்ட் தன் நோட்டுக் காகிதங்களை வீசிவிட்டுக் கணப்பை நோக்கிப் பாய்ந்தார். "என் கண் முன்னால்! அரக்கு அப்படியே இருக்கிறது! எவரும் அருகில் வரவில்லை! பரவாயில்லை, நான் மீண்டும் பற்றவைத்து..."

"குமிழ்ல கை வெச்சீங்க, கையை ஒடிச்சிருவேன்," என்றார் ஹெஸ்டர். குரல் உயரவேயில்லை.

அவர் சன்னலைத் திறந்தார். அடுத்ததையும் திறந்தார். நவீத் தள்ளாடிப் போய்க் கதவை அகலத் திறந்து துணிப் பாம்பை உதைத்தான். லங்காஷயர் உள்ளே வந்தது. நான்கு கல்லுக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் விழித்தார்கள். விழித்ததும் பழக்கத்தில் கைதட்டினார்கள்.

---

தட்டை எடுக்க வந்த டோரீன் வாசலிலேயே நின்றார். கத்பர்ட் அவரை நோக்கி விரலை நீட்டினார். "துப்பறிவாளரே! நிகழ்ச்சி நிரலின் அடுத்த அம்சம்!"

"வரேன்," என்றார் ஹெஸ்டர். "டீயில மருந்துன்னு சொன்னீங்க. மாவிஸ் அம்மா உங்க டீயைத் தொட்டதே இல்ல. முதல்ல தூங்கறது அவங்கதான். நார்மன் கெண்டியில பாதியைக் குடிக்கறார். தூங்காத ஒரே ஆள் அவர்தான். அப்ப டீ குற்றவாளியா, சாட்சியா?"

"நார்மன் கூட்டாளி!" என்றார் கத்பர்ட் உடனே.

நார்மன் தன் கோப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"அவர் கதைக்கு அப்புறம் வரலாம். முதல்ல இந்த அரக்கு. யாரும் குமிழைத் தொடல, ஆனா கணப்பு அணைஞ்சுது. அப்ப அணைச்சது யாரு?"

"அதைத்தானே கண்டுபிடிக்கச் சொன்னேன்!"

"கணப்புதான். தானே அணைஞ்சுக்குது. ரூம்ல காத்து கெட ஆரம்பிச்சா எரிவாயுவை நிறுத்தறதுக்கு அதுக்குள்ள ஒரு சின்ன உறுப்பு வெச்சிருக்காங்க. இந்த ரூம்லயே மூளையோட நடந்துக்கிட்டது அது ஒண்ணுதான். 'போதும், எல்லாரும் வெளிய போங்க'ன்னு அது ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லியிருக்கு. நீங்க ஒவ்வொரு தடவையும் அது வாயைத் திறந்து, பத்தவெச்சு, மறுபடி முத்திரை வெச்சிருக்கீங்க."

"ஆனால் நூற்றுக்கு நூறு..."

"உண்மைதான். கேஸ்ல இருந்த சூட்டை முழுசாக் குடுத்துச்சு, எதையும் வெளிய விடல. எரிஞ்சா தண்ணியும் வரும், அதையும் விடல. பிஸ்கட்டைக் கேளுங்க, சொல்லும். எரிஞ்சு முடிஞ்ச காத்தையும் விடல. அந்தத் தேன்கூடு விஷத்தைத்தான் தின்னும், அதனாலதான் என் கருவி கத்தல; ஆனா அது நல்ல காத்தைப் பெத்துப் போடாது. நல்ல காத்து வெளியேருந்துதான் வரணும். அதுக்குச் சுவர்ல ஒரு துளை போட்டு, அது எப்பவும் திறந்தே இருந்தாத்தான் இந்தக் கணப்பையே மாட்டலாம். துளை போடாம மாட்டிட்டுப் போயிருந்தா அந்த ஆளை நாளைக்கே கோர்ட்ல நிறுத்துவேன். போட்டிருந்தா, எங்க?"

எல்லோரும் சுவர்களைப் பார்த்தார்கள். மூன்று சுவர்களை. நான்காவதைப் பார்ப்பதைத் தவிர்க்க அவர்கள் நெடுநாளாகப் பழகியிருந்தார்கள்.

"நவீத், வெளிய போய்ப் பாரு."

"மழையில?"

"உனக்கு நெத்தியில உக்காந்திருக்கறவர் இறங்கிப்பார்."

நவீத் போனான். சன்னலுக்கு வெளியே நனைந்த தலை ஒன்று கடந்தது.  பிறகு, எங்கிருந்தோ, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதைப் போல அமுங்கிய குரல்:

"ஹலோ? மேடம்? கேக்குதா?"

மாவிஸ் அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். குரல் கத்பர்ட் ரிம்மிங்டனின் வயிற்றிலிருந்து வந்தது. அறையில் நின்றவரின் வயிறு அல்ல. சட்டத்துக்குள் இருந்தவரின் வயிறு.

"வெளிய இரும்புச் சல்லடை போட்ட துளை இருக்கு மேடம்!" என்றது படம். "உள்பக்கம் ஏதோ மெத்துனு அடைச்சிருக்கு!"

"படத்தை இறக்குங்க," என்றார் ஹெஸ்டர்.

"அது விலைமதிப்பற்ற..."

நார்மன் முன்னால் வந்தார். இத்தனை காலமும் கதவோரத்தை விட்டு நகராத மனிதர், சட்டத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தலைவரை அப்படியே தூக்கித் தரையில், சுவரைப் பார்த்தபடி வைத்தார். படத்தின் பின்புறம் நான்கு ஓரத்திலும் காற்றுப் புகாமல் துணிப்பட்டை ஒட்டியிருந்தது. சுவரில் சதுரமாக ஒரு துளை. துளைக்குள் ஆரஞ்சும் ஊதாவுமாக ஒரு கம்பளி உருண்டை.

"என் குல்லா!" என்றார் டோரீன்.

ஹெஸ்டர் அதை இழுத்தார். பின்னாலேயே ஒரு முழம் குளிர்காற்று வந்தது, நவீத்தின் மூக்கு நுனியும் தெரிந்தது. "வணக்கம்," என்றான் நவீத், சல்லடைக்கு அந்தப் பக்கமிருந்து.

கத்பர்ட்டின் செந்தமிழ் போன்ற ஆங்கிலம் அந்த நிமிடத்தில் அவரைக் கைவிட்டது.

"கழுத்துல காத்து அடிச்சுதுங்க," என்றார், சுருங்கிய குரலில். "நான் நின்னு படிக்கற இடத்துக்கு நேர் பின்னாடி. சிலுசிலுன்னு. அதுவும் போக, துளை வழியா சூடு வெளிய போவுதே... ஓட்டை இருந்தா அப்புறம் எப்படி நூத்துக்கு நூறுன்னு சொல்லிக்கறது?"

ஹெஸ்டர் மாவிஸ் அம்மாளிடம் திரும்பினார். "தலை வலிக்கலையா உங்களுக்கெல்லாம்?"

"வலிக்கும் கண்ணு. போன குளிர்காலத்துலேர்ந்து. இங்க வந்தா இடிக்கும், வீட்டுக்குப் போற வழியில சரியாயிடும்."

பின்வரிசையில் எல்லாத் தலைகளும் ஆடின.

"ஒருத்தர்கூடவா சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" மாவிஸ் அம்மாள் உண்மையிலேயே அதிர்ந்துபோயிருந்தார். "ஒருத்தர் வீட்டுக்கு வந்து, அவங்க நாற்காலியில உக்காந்துட்டு, உங்க வீட்ல மூச்சு முட்டுதுன்னு சொல்ல முடியுமா? அதுவும் போக, நாங்க கல்லாலதான் தலைவலின்னு நெனைச்சோம். அதைச் சொன்னா இன்னும் மோசம்."

"கண்ணியமாச் செத்திருப்பீங்க எல்லாரும்," என்றான் நவீத், சொட்டச் சொட்ட உள்ளே வந்து. "கல்லறையில 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்'னு எழுதியிருப்பாங்க."

கத்பர்ட் தொண்டையைச் செருமினார். சறுக்கிய தலைமைப் பண்பு மெல்ல மேலேறி வந்து அவர் முகத்தில் உட்கார்ந்தது. இந்த இனத்து மனிதர்களுக்கு வெட்கம் ஒரு விருந்தாளி; ஒரு கோப்பை தேநீருக்கு மேல் தங்குவதில்லை.

"நண்பர்களே! காற்றோட்டம் குறித்து நான் நெடுநாளாகக் கொண்டிருந்த ஐயம் இன்று உறுதியாகிவிட்டது. இந்த விசாரணைக்கு ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் மகிழ்கிறேன். டோரீன், பெட்டிகளை மாடிக்குக் கொண்டுபோகலாம். உன்னை மன்னித்துவிட்டேன்."

"எதுக்கு?" என்றார் டோரீன்.

"பொதுவாக. ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது." அவர் ஹெஸ்டரிடம் திரும்பினார். "காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். நார்மன் மட்டும் எப்படித் தூங்கவில்லை?"

ஹெஸ்டருக்கு விடையில் பாதி அடுப்படியிலேயே கிடைத்திருந்தது. கழிப்பறைக்கு யாரும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு போவதில்லை. நார்மன் ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு போனார், நிரப்பிக்கொண்டு வந்தார். இந்த வீட்டில் பூனை இல்லை. ஹெஸ்டர் வாயைத் திறந்தார். டோரீனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். காப்பீட்டு நிறுவனத்தில் அவர் கற்ற இன்னொரு பாடம், சில உண்மைகளுக்குச் சொந்தக்காரர்களே உரிமை கோர வேண்டும்.

"அது துப்பறிய முடியாத விஷயம்," என்றார்.

"நான் கழிப்பறைக்குப் போகலை," என்றார் நார்மன்.

அறை அவரைப் பார்த்தது. அவர் காதிலிருந்து கழுத்து வரை சிவந்தார். ஆனால் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பிய பேருந்து போல, இனி நிற்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"அடுப்படியில இருந்தேன். டோரீன்கூட. சும்மா பேசிக்கிட்டிருப்போம். டீன்னா எனக்கு உயிரெல்லாம் இல்ல... சொல்லப்போனா வயித்துக்கு ஒத்துக்கறதே இல்ல. கோப்பை காலியானாத்தானே அங்க போக ஒரு சாக்கு."

"அந்த மெத்தை நல்ல மெத்தை சார்," என்றான் நவீத் மரியாதையாக.

"அப்படியென்றால் கற்கள்?" கத்பர்ட்டால் நம்ப முடியவில்லை. "நான்கு தொகுதியிலும் நீ எதையும் கேட்கவில்லையா?"

"முதல் தொகுதியில முன்னுரை கேட்டேன்."

நார்மன் டோரீனிடம் போனார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்துப் பேசினார். "பிளாக்பூல் வேணாம் டோரீன். எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. ரொம்ப நாளாக் கேக்கணும்னு... பழைய வீடுதான். நிலக்கரி அடுப்பு. இப்பவே சொல்லிடறேன், முக்கால்வாசிச் சூடு புகைபோக்கி வழியாப் போயிடும். முன்பக்கம் வேகும், முதுகு குளிரும். இதுமாதிரியெல்லாம் இருக்காது."

டோரீன் தட்டை மேசையில் வைத்தார். துளையிலிருந்து வந்த குல்லாவைத் தட்டி, தூசியை உதறி, கோட்டுப் பையில் திணித்துக்கொண்டார்.

"டோரீன்!" என்றார் கத்பர்ட். "மன்னித்துவிட்டேன் என்றேனே!"

"கேட்டேன் கத்பர்ட். பெட்டி கட்டவே காலையெல்லாம் ஆச்சு. இனி யாரு பிரிக்கறது?" அவர் நார்மன் பக்கம் திரும்பினார். "சூடு போனாப் போகட்டும் நார்மன். போறதுக்கு ஒரு வழி இருக்குல்ல, அது போதும்."

ஒரு பெட்டியை நார்மன் எடுத்தார், ஒன்றை நவீத் எடுத்தான். ஹெஸ்டர் குடையை எடுத்துக்கொண்டார். பின்னாலேயே மாவிஸ் அம்மாளும் மற்றவர்களும், உடனடியாக நினைவுக்கு வந்த வேலைகளைச் சொல்லி, கோட்டுகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வாசல் கதவு அகலத் திறந்தபடி நின்றது. நடைபாதையில், அவர்கள் காலடியில், கிழக்குப் பக்கத்துக் கற்கள் மழையில் பளபளத்தன. யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"கதவைச் சாத்துங்கள்!" என்று உள்ளேயிருந்து கத்பர்ட் ரிம்மிங்டன் கத்தினார். "சூடு எல்லாம் வெளியே போகிறது!"

கணப்பு அணைந்து வெகு நேரம் ஆகியிருந்தது.